ஒளி நமக்கு, சாம்பல் யாருக்கு?

2025ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 9ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், இலங்கைத் தீவு முழுவதும் மின்சாரத்தை இழந்தது. பாணந்துறை மின் உபநிலையத்துட் குரங்கொன்று புகுந்ததே காரணமென்று அதிகாரிகள் கூறினர். நாடெங்கும் நகைப்பு எழுந்தது. ஆயினும், அச்சிரிப்பினூடே சிந்திக்க வேண்டிய செய்தி ஒன்று கவனிப்பாரின்றிப் போயிற்று. அன்று மாலைக்குள் மின்சாரம் படிப்படியாக மீண்டது. ஆனால் அடுத்த நாட்களிலும் முறை வைத்து மின்வெட்டு நடந்தது. நுரைச்சோலை அனல் மின் நிலையத்தின் மூன்று இயந்திரங்களும் அந்த அதிர்ச்சியில் நின்று போயின. அவற்றை மீண்டும் இயக்கச் சில நாட்கள் ஆயின என்பதே அதற்குக் காரணம். மேற்குக் கரையில் ஓரிடத்து நெருப்பு அணைந்தால், கிழக்குக் கரையில் நமது தம்பிலுவிலும் திருக்கோவிலும் கல்முனையும் இருளுகின்றன. நாம் எரிக்கும் விளக்குக்கு எண்ணெய் எங்கிருந்து வருகின்றது என்பதை அந்த நாட்கள் நமக்கு உணர்த்தின.

எண்ணெய் எங்கிருந்து வருகின்றது என்பதை அறிந்தோம். கரி எங்கே படிகின்றது என்பதை அறிந்தோமா? இக்கட்டுரை எழுப்ப விரும்பும் வினா இதுவே.

இரண்டு நுரைச்சோலைகள்

நுரைச்சோலை என்ற பெயரைக் கேட்டதும் நம் பகுதியினர்க்கு நினைவுக்கு வருவது அனல் மின் நிலையம் அன்று. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின், அக்கரைப்பற்றை அடுத்த நுரைச்சோலையிற் சவூதி அரேபிய உதவியுடன் கட்டப்பட்டு, வழக்குக்கும் வாதத்துக்கும் இடையில் நெடுங்காலம் குடியேறுவாரின்றிக் கிடந்த 500 வீடுகளே நினைவுக்கு வரும். மற்றைய நுரைச்சோலை புத்தளம் மாவட்டத்திலே, கற்பிட்டிக் குடாநாட்டிலே உள்ளது. மீன்பிடியும், மணற்பாங்கான நிலத்திற் செய்யும் காய்கறிப் பயிர்ச்செய்கையும் அங்குள்ள மக்களின் தொழில்கள். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் கலந்து வாழும் நிலம் அது. 1990ஆம் ஆண்டில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களிற் பெரும்பாலோர் தஞ்சம் புகுந்ததும் அந்தப் புத்தளம் மாவட்டத்திலேதான்.

அங்கே கடலோரத்தில் நிற்கின்றது 'லக்விஜய' எனப் பெயரிடப்பட்ட மின் நிலையம். சீன அரசின் கடனுதவியோடு 2006ஆம் ஆண்டில் வேலை தொடங்கிற்று. 2011இல் முதலாவது இயந்திரமும், 2014இல் மற்றைய இரண்டும் இயங்கத் தொடங்கின. ஒவ்வொன்றும் 300 மெகாவாற்று, மொத்தம் 900. நாட்டின் மின்சாரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை இந்த ஒரு நிலையமே தருகின்றது. இலங்கையில் இயங்கும் ஒரே நிலக்கரி மின் நிலையமும் இதுதான்.

இடத்தெரிவின் வரலாறும் சுவையானது. 1980களில் திருகோணமலையே முதலிற் கருதப்பட்டது. பின்னர் தென்கரையிலுள்ள மாவெல்ல என்ற இடம் பேசப்பட்டது. இறுதியிலேதான் நுரைச்சோலை வந்தது. அங்கும் எதிர்ப்பு இல்லாமலில்லை. அண்மையிலுள்ள தலவிலைப் புனித அன்னாள் ஆலயத்தின் பொருட்டுக் கத்தோலிக்க மக்களும், தம் தொழிலின் பொருட்டு மீனவரும் கமக்காரரும் குரல் கொடுத்தனர். ஓரூர் வேண்டாமென்றால் அடுத்த ஊர்; அதுவும் வேண்டாமென்றால் அதற்கடுத்த ஊர். வேண்டாமென்று சொல்லும் குரல் எங்கே வலுவிழக்கின்றதோ, அங்கே புகைபோக்கி எழுகின்றது. உலகெங்கும் இதுவே வழக்கம்.

புகைபோக்கியின் கணக்கு

நிலக்கரி மின் நிலையத்தின் தத்துவம் எளியது. கரியை மாவாக அரைத்து உலையில் ஊதி எரிக்கின்றார்கள். அவ்வெப்பம் நீரை ஆவியாக்குகின்றது. ஆவி சுழலியைச் சுழற்றுகின்றது. சுழலி மின்சாரம் பிறப்பிக்கின்றது. இவ்வளவுக்கும் ஆண்டொன்றுக்கு 20 இலட்சம் தொன்னுக்கு மேற்பட்ட கரியை நுரைச்சோலை விழுங்குகின்றது. இந்தக் கரி முழுவதும் கப்பலேறி வருவது. கச்சான் காலத்தில் மேற்குக் கடல் கொந்தளிப்பதனால் அந்த மாதங்களிற் கப்பலிலிருந்து கரியை இறக்க இயலாது. ஆகையால், ஏனைய மாதங்களில் இறக்கி மலைபோற் குவித்து வைக்கின்றார்கள். கரிமலை உயர்ந்து நிற்கும் காலமும், காற்று மிக வலுவாக வீசும் காலமும் ஒன்றாகவே வாய்க்கின்றன. ஊரவரின் முறைப்பாடுகளில் முதலாவது இதுதான்: கரித்தூசியும் சாம்பலும் காற்றோடு வந்து வீட்டுக் கூரையிலும் கிணற்றிலும் பயிரிலும் படிகின்றன. காற்றைத் தடுக்கும் வேலிகள் அமைக்கப்பட்டன. எனினும் முறைப்பாடு ஓய்ந்த பாடில்லை.

எரிந்த கரியிற் பத்திலொரு பங்கே சாம்பலாகின்றது எனக் கொண்டாலும், ஆண்டுக்கு இரண்டு இலட்சம் தொன் சாம்பல் மிஞ்சும். அதில் ஒரு பகுதியைச் சீமெந்து ஆலைகள் வாங்கிக் கொள்கின்றன. எஞ்சியது நிலத்திற் குவிகின்றது.

இவை கண்ணுக்குத் தெரிவன. தெரியாதனவே கொடியவை. கரியில் அடங்கியிருக்கும் கந்தகம் எரிந்து கந்தகவீரொட்சைட்டு ஆகின்றது. உலையின் வெப்பத்தில் நைதரசன் ஒட்சைட்டுகள் பிறக்கின்றன. இரசம் முதலான உலோகங்கள் ஆவியாகக் கலக்கின்றன. சாம்பலைப் பிடிக்கும் மின்பொறிகள் அதிற் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். நுரைச்சோலையிற் கந்தகத்தைக் கடல்நீராற் கழுவும் அமைப்பும் உண்டு. ஆயினும் எந்தப் பொறியும் முழுவதையும் பிடிப்பதில்லை. மிக நுண்ணிய துகள்களே மிக எளிதிற் தப்புகின்றன. தப்பிய வாயுக்கள் வானிலே அமைதியாக இருப்பதுமில்லை. நாட்கணக்கிற் காற்றோடு மிதந்து, ஈரத்தோடும் ஏனைய பொருள்களோடும் சேர்ந்து, புதிய நுண்துகள்களாக மாறுகின்றன. 2.5 மைக்குரோனுக்கு உட்பட்ட இத்துகள், தலைமயிரின் பருமனில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கினது. மூக்கின் மயிரும் தொண்டையின் சளியும் இதைத் தடுக்கமாட்டா. நுரையீரலின் அடிவரை சென்று, இரத்தத்தோடு கலந்து, இருதயத்தையும் மூளையையும் தாக்க வல்லது.

எனவே, அனல் மின் நிலையத்தின் அயலவர் யார் என்ற கேள்விக்கு எளிய விடையில்லை. கரித்தூசிக்கு அயலவர் நுரைச்சோலை மக்கள். நுண்துகளுக்கு அயலவர் காற்று வீசும் திசையில் நூற்றுக்கணக்கான கல் தொலைவில் இருப்போரும் ஆவர். தென்மேற்குக் காற்று இப்புகையை அனுராதபுரத்துப் பக்கம் கொண்டு செல்லுமென்றும், அங்குள்ள பழம்பெரும் போதிமரத்துக்கு அமிலமழையால் ஊறு நேருமென்றும் அச்சம் எழுப்பப்பட்டதுண்டு. மனிதரைப் பற்றிய அச்சத்தைவிட மரத்தைப் பற்றிய அச்சம் செய்தித்தாள்களில் உரத்து ஒலித்தது என்பது வேறு கதை.

ஐரோப்பா கற்ற பாடம்

இவ்விடயத்தில் நமக்கு முன்னரே புகையுண்டு, முன்னரே விழித்துக்கொண்ட கண்டம் ஐரோப்பா. அந்த விழிப்பும் ஒரே நாளில் வந்ததன்று.

1952ஆம் ஆண்டு டிசம்பர் 5 முதல் 9 வரை, காற்றசையாத குளிரில், இலண்டன் மாநகரைப் புகைமூட்டம் கவிந்தது. வீட்டு அடுப்புகளின் கரிப்புகையும், நகரின் நடுவிலேயே இயங்கிய மின் நிலையங்களின் கரிப்புகையும் மூடுபனியோடு கலந்து நின்றன. அந்த நாட்களின் விளைவாக இறந்தோர் ஏறத்தாழ 4,000 பேர் என அன்று கணக்கிட்டனர். பிற்கால ஆய்வாளர் 12,000 வரை இருக்கலாம் என்கின்றனர். 1956இற் பிரித்தானியா தூயகாற்றுச் சட்டத்தை இயற்றிற்று.

அடுத்து நடந்ததுதான் நாம் ஊன்றிப் படிக்க வேண்டிய பகுதி. நகரத்தைக் காப்பாற்ற, பெரிய மின் நிலையங்களை நாட்டுப்புறத்திற்கு நகர்த்தினர். புகைபோக்கிகளை விண்ணுயர எழுப்பினர். யோக்சயரிலுள்ள திராக்ஸ் மின் நிலையத்தின் புகைபோக்கி 259 மீற்றர் உயரமானது. அயலூரில் வானம் தெளிந்தது. அனைவரும் மகிழ்ந்தனர். ஆனால் புகை அழிந்துவிடவில்லை. உயரே ஏறிக் கடல் கடந்தது. சுவீடனிலும் நோர்வேயிலும் ஏரிகளில் மீன்கள் மடியத் தொடங்கின. மழைநீர் அமிலமாகி வருகின்றதென்றும், அதன் மூலம் பிற நாடுகளின் புகைபோக்கிகளே என்றும் சுவீடன் நாட்டு விஞ்ஞானி சுவாந்தே ஓடன் 1967இல் எடுத்துரைத்தார். ஜேர்மனி, போலந்து, செக் நாடு ஆகிய மூன்றும் சந்திக்கும் எல்லைப்புறத்திற் பழுப்பு நிலக்கரி நிலையங்களின் புகையால் மலைக்காடுகள் பட்டுப்போயின. அப்பகுதிக்குக் கருமுக்கோணம் என்றே பெயர் வந்தது.

தன் வீட்டுப் புகையை அயல்வீட்டிற் தள்ளிவிட்டுத் தன் வீடு தூய்மையாயிற்று என்று கூறுவது தீர்வாகுமா? 1972இல் ஸ்ரொக்ஹோம் மாநாட்டிற் சுவீடன் எழுப்பிய கேள்வி இதுவே. 1979இல், பனிப்போர் உறைந்திருந்த காலத்திலே, கிழக்கு ஐரோப்பாவும் மேற்கு ஐரோப்பாவும் ஜெனீவாவிற் கூடி, எல்லை கடக்கும் வளிமாசு பற்றிய உடன்படிக்கையிற் கையெழுத்திட்டன. ஆயுதங்களைப் பற்றி ஒன்றுபட இயலாதவர்கள் புகையைப் பற்றி ஒன்றுபட்டனர். கந்தகத்தை நூற்றுக்கு 30 குறைப்பதென 1985இல் ஹெல்சிங்கியில் முடிவாயிற்று. பிரித்தானியா அதிற் கையெழுத்திட மறுத்தது. புகை அனுப்புவோர் புகையுண்போரைப் போல் விரைந்து விழிப்பதில்லை. எனினும் 1988இல் பெரிய எரி நிலையங்களுக்கென ஐரோப்பிய சமூகம் தனிச் சட்டம் இயற்றிற்று. 2001லும் 2010லும் அது மேலும் இறுகிற்று. 1990ஆம் ஆண்டோடு ஒப்பிட்டால், ஐரோப்பிய ஒன்றியத்தின் கந்தகவீரொட்சைட்டு இன்று பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் குறைந்துவிட்டது.

அதனோடு கதை முடிந்ததா? இல்லை. 2016இற் சுற்றாடல், சுகாதார அமைப்புகள் சில இணைந்து ஓர் அறிக்கை வெளியிட்டன. ஐரோப்பிய ஒன்றியத்தின் 257 நிலக்கரி நிலையங்களை ஆராய்ந்த அவ்வறிக்கை, 2013ஆம் ஆண்டில் மட்டும் அவற்றின் புகையால் 22,900 பேர் அகால மரணமடைந்தனர் என மதிப்பிட்டது. சட்டங்கள் இறுகிய பின்னும் நிலை அது. அதைவிடக் குறிப்பிடத்தக்கது, எந்த நாட்டுப் புகை எந்த நாட்டில் எத்தனை உயிரைக் கொள்கின்றது என்று நாடு நாடாகக் கணக்கெழுதியமை. புகைக்கும் ஐந்தொகை உண்டு என்பதை அவ்வறிக்கை உலகுக்குக் காட்டிற்று.

ஒன்றியத்தின் எல்லைக்கு வெளியே, மேற்குப் பால்கன் நாடுகளில் அன்று இயங்கிய 16 பழைய நிலையங்கள், ஒன்றியத்தின் 250 நிலையங்கள் அனைத்தும் சேர்ந்து உமிழ்ந்த அளவு கந்தகவீரொட்சைட்டை 2016இல் உமிழ்ந்தன என்று மற்றோர் ஆய்வு கூறிற்று. வேறுபாடு கரியில் இல்லை, வானத்தில் இல்லை, சட்டத்தை வகுப்பதிலும், வகுத்த சட்டத்தைக் காப்பதிலுமே உள்ளது.

பெல்ஜியம் 2016இலும், ஆஸ்திரியாவும் சுவீடனும் 2020இலும், போர்த்துக்கல் 2021இலும் கரியைக் கைவிட்டன. 1882இல் உலகின் முதலாவது பொது நிலக்கரி மின் நிலையத்தை இலண்டனில் நிறுவிய பிரித்தானியா, 2024 செப்டெம்பர் 30ஆம் நாள் தன் கடைசி நிலையத்தையும் மூடிற்று. போலந்தோ இன்னும் தன் மின்சாரத்தில் ஏறத்தாழப் பாதியைக் கரியிலிருந்தே பெறுகின்றது. ஜேர்மனி 2038ஐக் கடைசி எல்லையாக வைத்துள்ளது. சுரங்கத் தொழிலாளரின் சோறும் அங்கே அந்தக் கரியில்தான் இருக்கின்றது என்பதை நாம் மறத்தலாகாது.

வாடையோடு வந்த செய்தி

ஐரோப்பாவின் கதை நமக்கு எதற்கு என்று கேட்போர், 2022ஆம் ஆண்டின் டிசம்பர் மாதத்தை எண்ணிப் பார்க்கட்டும். வங்காள விரிகுடாவில் மாண்டஸ் புயல் நகர்ந்துகொண்டிருந்த நாட்களில், இலங்கையின் பல நகரங்களில் வானம் மங்கிற்று. வளியின் தரம் கெட்டது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரித்தது. டிசம்பர் 9ஆம் நாள் பாடசாலைகள் மூடப்பட்டன. அம்மாசின் பெரும்பகுதி இந்தியாவின் பக்கமிருந்து காற்றோடு வந்ததென்றே விளக்கம் கூறப்பட்டது. கடல் நமக்கு வேலி என்று எண்ணியிருந்தோம். வாடைக்கு வேலியில்லை.

அம்மாசு வாகனப் புகை, ஆலைப் புகை, வயற்புகை, கரிப்புகை அனைத்தும் கலந்தது. ஒன்றை மட்டும் பழிப்பது நேர்மையன்று. ஆயினும் மன்னார் வளைகுடாவின் மறுகரையில் தூத்துக்குடியிலும், வடசென்னையில் எண்ணூரிலும் பெரிய நிலக்கரி நிலையங்கள் உள்ளன என்பதும், எண்ணூரின் கழிமுகத்திற் சாம்பல் படிந்து மீனவர் வாழ்வு நலிந்தது என்பதும் யாவரும் அறிந்தவை. தன் அனல் நிலையங்கள் கந்தகத்தைக் கழுவும் பொறிகளைப் பொருத்த வேண்டுமென இந்திய அரசு 2015 டிசம்பரில் விதித்தது. கெடு மீண்டும் மீண்டும் தள்ளிப் போடப்பட்டது. 2025 யூலையில், நான்கில் மூன்று பங்குக்கு மேற்பட்ட நிலையங்களுக்கு அவ்விதியிலிருந்து விலக்கே வழங்கப்பட்டுவிட்டது.

தென்னாசிய நாடுகளுக்கும் எல்லை கடக்கும் வளிமாசு பற்றி 1998இல் மாலைதீவில் ஏற்கப்பட்ட பிரகடனம் ஒன்று உண்டு. ஐரோப்பாவின் உடன்படிக்கைக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு ஒன்றுதான்: அது கட்டுப்படுத்துகின்றது, இது வேண்டிக்கொள்கின்றது. வாடை மாதங்களிற் புகை பெறுபவர் நாம். ஆண்டு முழுவதும் புகை உண்டாக்குபவரும் நாமே. ஆகவே, அயலானிடம் கணக்குக் கேட்க விரும்புவோர் முதலில் தம் கணக்கேட்டைத் திறந்து வைத்தல் வேண்டும். நம் கணக்கேடு எத்தகையது? நுரைச்சோலையின் முதலாவது இயந்திரம் இயங்கியது 2011இல். புகைபோக்கியினின்று எவ்வளவு வெளியேறலாம் என்ற ஒழுங்குவிதிகள் வர்த்தமானியில் வெளிவந்தது 2019இல். இடையிலுள்ள எட்டு ஆண்டுகளின் புகைக்கு விடை கூறுவார் யார்?

சம்பூர்: நம் கரையில் எழாத புகை

இனி நமக்கு நெருக்கமான ஓரிடத்துக்கு வருவோம். கொட்டியாரக்குடாவின் கரையில், மூதூருக்கு அண்மையில் உள்ளது சம்பூர். 2006ஆம் ஆண்டின் போரில் அவ்வூர் மக்கள் இடம்பெயர்ந்தனர். கிளிவெட்டி முதலான இடங்களில் முகாம்களிற் தங்கினர். அவ்வாண்டு டிசம்பரிலேயே, இந்தியாவின் தேசிய அனல் மின் கூட்டுத்தாபனமும் இலங்கை மின்சார சபையும் இணைந்து திருகோணமலையில் 500 மெகாவாற்று நிலக்கரி நிலையம் அமைப்பதற்கான உடன்பாடு எழுதப்பட்டது. இடம் சம்பூரிலேயே அமைந்தது. உரியவர் முகாமில் இருக்கையில், நிலத்தின் எதிர்காலம் தலைநகரங்களில் எழுதப்பட்டது. 2015இல்தான் மக்கள் பலர் தம் காணிக்கு மீண்டனர். அப்போதும் மின் நிலையத்துக்கென ஒதுக்கிய பகுதி அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

மக்கள் எதிர்த்தனர்; சுற்றாடல் அமைப்பு உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. 2016 செப்டெம்பரில், சம்பூரில் நிலக்கரி நிலையம் அமைக்கப்படமாட்டாது என அரசின் முடிவு நீதிமன்றத்துக்கு அறிவிக்கப்பட்டது. 2021இல் இலங்கை, இனிப் புதிய நிலக்கரி நிலையம் கட்டுவதில்லை என்ற பன்னாட்டு உறுதிமொழியிலும் இணைந்தது. 2025 ஏப்ரலில், அதே சம்பூரில், 120 மெகாவாற்றுச் சூரிய மின் நிலையத்துக்கான தொடக்க விழா இந்தியப் பிரதமரும் இலங்கை ஜனாதிபதியும் முன்னிற்க நடைபெற்றது.

அந்தப் புகைபோக்கி எழுந்திருந்தால் என்னவாகியிருக்கும்? கச்சான் வீசும் மாதங்களிற் புகை கடலை நோக்கிச் சென்றிருக்கும். வாடை மாதங்களிலோ வெருகல், வாகரை வழியே தெற்கு நோக்கித் திரும்பியிருக்கும். வாகரையும் மட்டக்களப்பும் அதன் வழியில் இருக்கின்றன. அதற்கும் தெற்கே நாம் இருக்கின்றோம். நமக்காகவும் சேர்த்தே சம்பூர் மக்கள் போராடினர் என்றால் மிகையன்று. அவர்கள் போராடிய நாட்களில் இங்கிருந்து எத்தனை குரல் எழுந்தது என்பதை அவரவர் நெஞ்சைக் கேட்டுக்கொள்ளலாம்.

வடக்கிலும் ஒரு படிப்பினை உண்டு. சுன்னாகத்தில் இயங்கிய எண்ணெய் மின் நிலையத்தின் கழிவு நிலத்தடி நீரிற் கலந்தமை பற்றிய வழக்கில், 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் அந்நிறுவனத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்து, பாதிக்கப்பட்டோர்க்கு 2 கோடி ரூபாய் இழப்பீடு வழங்கப் பணித்தது. கிணற்று நீரில் எண்ணெய் மிதந்தால் யாவரும் காண்பர். வாளியில் அள்ளி நீதிபதியின் முன் வைக்கலாம். காற்றில் மிதப்பதை எந்த வாளியில் அள்ளுவது? வளிமாசுக்கு வழக்காடுவோரின் இடர்ப்பாடு இதுவே. அளவுக் கருவி ஒன்றே அவர்களின் வாளி. அளக்காத புகைக்குச் சாட்சியில்லை. சாட்சியில்லாத துன்பத்துக்கு நீதியில்லை.

மறுப்பும் விடையும்

இங்கே நியாயமான மறுப்பொன்று எழும். "ஏழை நாடு, மின்சாரம் வேண்டும், 2022இல் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை இருளில் இருந்ததை மறந்தீரோ? அன்று நம்மைத் தாங்கியது நுரைச்சோலைதானே?" என்பர். மறக்கவில்லை. மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்றோரிடமும், இருளிற் பரீட்சைக்குப் படித்த பிள்ளைகளிடமும் சென்று புகையின் தீமையை மட்டும் பேசுவது அறிவுடைமையாகாது. நுரைச்சோலையை நாளையே மூடிவிட வேண்டுமென்று பொறுப்புள்ள எவரும் கூறார்.

ஆனால் அந்த இருளின் காரணத்தையும் எண்ண வேண்டும். அன்று இல்லாமற் போனது நிலையமன்று. எரிபொருள் வாங்க அந்நியச் செலாவணி. கரியும் எண்ணெயும் கப்பலில் வருவன. கப்பலுக்குத் திறைசேரி பணம் கொடுக்க வேண்டும். வெயிலும் காற்றும் மழையும் கப்பலேறி வருவனவல்ல. நமது மாவட்டத்திலேயே கல்லோயாத் திட்டத்தில் எழுந்த இங்கினியாகலை நீர்மின் நிலையம் பல பத்தாண்டுகளாக அதற்குச் சான்றாக நிற்கின்றது.

புகையில்லா மின்சாரம் என்பதனால் மட்டும் அநீதி நீங்கிவிடும் என்றும் நினைத்தலாகாது. 2025இல் மன்னார்த் தீவு மக்கள் காற்றாலைகளுக்கு எதிராக நெடுநாள் போராடினர். காற்றை அவர்கள் வெறுத்தாரல்லர். வெள்ளம் வடியும் வழியும், பறவைகளின் பாதையும், தம் நிலமும் கேட்பாரின்றித் தீர்மானிக்கப்படுகின்றன என்பதே அவர்களின் குறை. ஆதலாற் சிக்கலின் வேர் கரி மட்டுமன்று. பயனை நாடு முழுவதும் பகிர்ந்துகொள்ளும்போது சுமையை ஓரூரின் தலையில் வைப்பதும், வைக்கும் முன் அவ்வூரைக் கேளாமையுமே வேர். கரியில் அவ்வேர் நஞ்சோடு சேர்ந்து நிற்கின்றது. ஆகவே அது முதலிற் களையப்பட வேண்டியது.

விளக்கின் அடியில் இருள் என்பது நம் பழமொழி. பழைய விளக்கில் அவ்விருள் ஒரு சாண் அகலந்தான். ஏற்றியவர் வீட்டிலேயே விழும். இன்றைய விளக்கின் அடி எங்கோ இருக்கின்றது. மின்கம்பி ஒளியை இங்கே கொணர்ந்து, இருளை அங்கேயே விட்டு வருகின்றது. கண்ணுக்கு எட்டாத தொலைவில் இருளை வைத்துவிட்டதனாலேயே நாம் அதற்குப் பொறுப்பல்லோம் என்று எண்ணப் பழகிவிட்டோம்.

நம் பங்கு யாது?

முதலாவது, நம் காலடிப் புகையை நாமே நோக்குதல். நேர்மையாகப் பேசினால், அம்பாறைக் கரையில் நாம் மூக்கால் உணரும் புகையிற் பெரும்பகுதி நம்முடையதே. அறுவடை முடிந்த வயலில் வைக்கோலுக்கு வைக்கும் தீ, அரிசி ஆலைகளின் உமிச் சாம்பல், தெருவோரத்திற் பிளாத்திக்குப் பைகளோடு சேர்த்து எரிக்கும் குப்பை, சாளரமில்லாச் சமையலறையில் விறகடுப்பின் முன் நம் தாய்மார் உண்ணும் புகை என இவை எவையும் நுரைச்சோலையிலிருந்து வந்தனவல்ல. உலக சுகாதார நிறுவனம் 2021இல், நுண்துகளின் ஆண்டுச் சராசரி ஒரு கன மீற்றருக்கு 5 மைக்குரோகிராமைத் தாண்டலாகாது என்று வகுத்தது. இலங்கையின் சட்டம் 2008 முதல் அனுமதிக்கும் எல்லை 25. இவ்விரு எண்களுக்கும் இடையிலேதான் நம் பிள்ளைகள் மூச்செடுக்கின்றனர்.

இரண்டாவது, கேட்டல். எந்தப் பெருந்திட்டத்திற்கும் சுற்றாடற் தாக்க மதிப்பீட்டு அறிக்கையைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்து, கருத்துக் கூற 30 நாள் அவகாசம் அளிக்க வேண்டுமென்பது சட்டம். அந்த 30 நாளில் அறிக்கையைத் தேடிப் படிப்பவர் யார்? ஊரிற் படித்தவர் என்று பெயரெடுத்தோரின் கடமை அன்றோ அது? 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டம் எந்தக் குடிமகனும் கேட்கலாம் என்கின்றது. நுரைச்சோலையின் புகைபோக்கி ஒவ்வொரு மாதமும் எவ்வளவு கந்தகத்தை விட்டது, அளவு எல்லைக்குள் இருந்ததா என்ற கேள்வியைத் தம்பிலுவிலின் ஒரு மாணவன் தமிழிலே எழுதிக் கேட்கலாம். தமிழிலே விடை பெற அவனுக்கு உரிமை உண்டு. கற்பிட்டியின் மீனவர்க்காக நம் பாடசாலையொன்று கேட்கும் அத்தகைய ஒரு கேள்வி, மேடையில் நிகழ்த்தும் பத்துச் சொற்பொழிவுகளுக்கு மேலானது.

மூன்றாவது, கற்பித்தல். விஞ்ஞான ஆசிரியர் கந்தகவீரொட்சைட்டின் சூத்திரத்தைக் கரும்பலகையில் எழுதுகின்றார். புவியியல் ஆசிரியர் பருவக்காற்றின் அம்புக்குறிகளைப் படத்தில் வரைகின்றார். குடியியல் ஆசிரியர் அடிப்படை உரிமைகளை ஒப்புவிக்கச் செய்கின்றார். இம்மூன்றும் மூன்று பாடங்களாகவே மாணவன் மனத்திற் கிடக்கின்றன. நுரைச்சோலையை ஒரு பாடமாக எடுத்தால் மூன்றும் ஒன்றாகும். எந்த வாயு, எந்தக் காற்றில், எவருடைய உரிமையின் மேல் படிகின்றது என்று அறிந்த மாணவனே நாளை அதைத் தடுக்கும் பொறியியலாளனாகவும், வழக்காடும் சட்டத்தரணியாகவும், கேள்வி கேட்கும் குடிமகனாகவும் வருவான்.

ஐரோப்பா புகையிலிருந்து மீளத் தொடங்கியது புதிய பொறி கண்ட நாளிலன்று. தன் புகைபோக்கியின் கீழ் வாழாத ஒருவனுடைய ஏரியில் இறந்த மீனும் தன் கணக்கிற் சேர்ந்ததே என்று ஒப்புக்கொண்ட நாளிலேதான். ஐரோப்பாவுக்கு அதை ஒப்புக்கொள்ள உடன்படிக்கை வேண்டியிருந்தது. நமக்கோ ஒரே தீவு, ஒரே மின்கம்பி. மாதந்தோறும் வீட்டுக்கு வரும் மின்பட்டியலில் நாம் எரித்த அலகுகள் எழுதப்பட்டிருக்கின்றன. செலுத்த வேண்டிய தொகை எழுதப்பட்டிருக்கின்றது. அந்த அலகுகளுக்காகக் கற்பிட்டியில் ஒரு குடும்பம் செலுத்திய விலை மட்டும் அதில் எழுதப்படுவதில்லை. அதை எழுதச் செய்வது, மின்சாரம் பெறும் நம் அனைவரின் கடன்.